அக்கா எழுதிக்கொடுத்த தம்பி

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சுகம். அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

குளிர் விட்டபாடில்லை. இன்னொரு கம்பளி கொடுத்திருக்கிறார்கள். அதில் எனக்கு முன்னால் போர்த்தியவனின் சிகரெட் வாடை அப்படியே இருக்கிறது. என் அறைக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். படிக்காமலே ஊருக்கெல்லாம் பல் பிடுங்கி மாட்டிக்கொண்ட ஆள். டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். நான் கொட்டாவி விட்டால் எட்டிப் பார்த்து, “கீழ் வரிசையில ஒண்ணு ஆடுதே தம்பி, வெளிய இருந்திருந்தா இந்நேரம் எடுத்திருப்பேன்” என்கிறார். உள்ளே இருக்கிறாரே என்று நிம்மதியாக இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். வாயாடி ஏன் எழுதுவதில்லை? என்னைப் பார்க்க வராதே என்றுதான் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் அழுவதும், இந்தப் பக்கம் நான் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதும் எத்தனை தடவை நடப்பது? அதனால் சொன்னேன். எழுதாதே என்று சொல்லவில்லையே.

எங்கள் கடிதங்களைப் படிக்கும் அதிகாரி இருக்கிறாரே, தடிமனான கண்ணாடி போட்டவர், போன தடவை உன் கடிதத்தை நீட்டியபடி, “அக்காவே எழுதுறாங்க, வீட்டம்மாவுக்கு எழுத்து வராதா?” என்று கேட்டார். “வேலை அதிகம் சார்” என்றேன். அவர் தலையாட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

நன்னடத்தைக்குக் கழித்ததுபோக செப்டம்பர் கடைசியில் விட்டுவிடுவார்களாம். நான் பராமரித்த அந்த லிஃப்ட் விழுந்து ஓர் ஆள் செத்ததற்கு நான் இங்கே இருப்பது நியாயம்தான், அதைப் பற்றி முறையிடவில்லை. வெளியே வந்தால் போவதற்கு வீடு இருக்கிறதா என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். ஆடுகிற பல்லை அந்த மனிதரிடம் மட்டும் காட்டாதே. பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளிக்காதே, உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

நீ கேட்டதற்கு வருகிறேன். அவளுக்குக் கடையில் வேலை கழுத்தை நெரிக்கிறது. புதிதாகக் கட்டிய ஒரு தங்கும் விடுதிக்கு மொத்தத் திரைச்சீலையும் அவர்கள்தான் தைக்கிறார்கள். முடியாததை வீட்டுக்கும் எடுத்துவருகிறாள். கூடம் முழுக்கச் சாம்பல் நிறத் துணி. குளியலறைக்குப் போவதென்றால் நான் இரண்டு கையாலும் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மகாராணி மாதிரி நடக்க வேண்டியிருக்கிறது. விரலில் ஊசி ஏறி வீங்கியிருக்கிறது. பேனா பிடிக்க முடியவில்லை என்றாள்.

வேளைக்குச் சாப்பிடுகிறாள். தூங்குகிறாள். நீ போன புதிதில் இருந்த மாதிரி இல்லை. இப்போது சிரிக்கிறாள்கூட. உன் வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதானே என் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தேன்? கவலைப்படாதே.

எங்கள் காது பரிசோதனை நிலையத்தில் போன வாரம் ஒரு கூத்து. ஒரு பெரியவருக்குக் காது மிஷின் பொருத்தினேன். மனைவி ஏதோ பேசினார். பெரியவர் திடுக்கிட்டு, “இவ குரல் இப்படியா இருக்கும்? கழட்டும்மா, பழைய செவிடே தேவலை” என்றார். அந்த அம்மாள் முதுகில் வைத்த ஒன்றில் மிஷினே தெறித்து விழுந்துவிட்டது.

நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்த கடிதத்தில் பல் எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

நான் சுகம். பல் அப்படியே இருக்கிறது. நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

விரலில் ஊசி ஏறினதற்கு மூன்று மாதமா அக்கா? கடித அதிகாரியே நம்பவில்லை. “ஊசிதானே, கத்தியில்லையே” என்றார்.

‘சிரிக்கிறாள்கூட’ என்று எழுதியிருக்கிறாய். என் தீர்ப்பைக்கூட நான் அத்தனை தடவை படிக்கவில்லை. யாரோடு சிரிக்கிறாள்?

என்னோடு வேலை பார்த்தானே ஸ்பேனர், அவன் பார்க்க வந்திருந்தான். பாவம், கெட்ட எண்ணம் இல்லாதவன், ஆனால் வாயில் எதுவும் தங்காது. என் கருவிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க நம் வீட்டுக்குப் போனானாம். கதவைத் தட்டப் போகும்போது உள்ளே ஓர் ஆம்பளைக் குரல் கேட்டதாம். அவள் கலகலவென்று சிரித்தாளாம். தட்டியதும் எல்லாம் அடங்கிவிட்டது. அவள் மட்டும் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு, தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டாள்.

“உன் சொந்தக்காரன் யாராவது வந்திருக்கானாடா? அச்சு அசல் உன் குரல்டா” என்று கேட்கிறான். நமக்கு ஏதக்கா சொந்தக்காரர்கள்?

என்னிடம் எதையும் மறைக்காதே. யார் அவன்?

தம்பி


மார்ச் 18

அக்கா,

சுகமா. நான் இருக்கிறேன்.

பதில் இல்லை. அறையிலும் பட்டறையிலும் யார் அவன் என்று என்னையே நான் கேட்டுக்கொண்டு திரிகிறேன். டாக்டர், “கெட்ட சேதின்னா சீக்கிரம் வந்திரும், நல்ல சேதிதான் லேட்டாகும்” என்று தேற்றப் பார்க்கிறார். அவர் சொன்ன எதுவும் இதுவரை பலித்ததில்லை.

எதுவாக இருந்தாலும் எழுது. நீ எழுதாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? எங்களுக்கும் ஒன்றுமில்லை. பல தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். வீட்டில் வேறு ஆண் யாரும் இல்லை. முதலில் அதைப் படித்துவிட்டு ஒரு மூச்சு விடு.

நீ வராதே என்று சொல்லி அனுப்பிய நாளிலிருந்து அவள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்காருவாள், எழுந்து போவாள். கடைக்குப் போவதை நிறுத்தினாள். எனக்குப் பயமாகிவிட்டது. எங்கள் நிலையத்தில் வரவேற்பில் இருக்கும் பெண் தன் ஃபோனில் ஒரு செயலியைக் காட்டினாள். நாம் யாரைச் சொல்கிறோமோ அவரைப் போலப் பேசும். எழுதினால் எழுதும், பேசினால் பேசும். அவளுடைய செத்துப்போன அப்பாவை அதில் வைத்திருக்கிறாள். “மனசு லேசாயிரும் மேடம்” என்றாள்.

நான்தான் போட்டுக் கொடுத்தேன். நீ லிஃப்ட் பெட்டியின் மேல் நின்றுகொண்டு, சாப்பாட்டுக்கு வர நேரமாகும் என்று அனுப்பிய குரல் செய்திகள் அவள் ஃபோனில் நிறைய இருந்தன. அதிலிருந்து உன் குரலை எடுத்துக்கொண்டது. பிறகு, ‘இவர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டது. தம்பியைப் பற்றி ஓர் அக்கா என்ன எழுதுவாளோ அதை எழுதினேன். அன்பானவன், விளையாட்டாகப் பேசுவான், யார் முகம் வாடினாலும் கண்டுபிடித்துவிடுவான், மனைவியை வாயாடி என்று கூப்பிடுவான் என்று. உன் கோபத்தை எழுதவில்லை. ஏதாவது ஒன்று என்றால் நாள்கணக்கில் பேசாமல் இருப்பாயே, அதையும் எழுதவில்லை. பெற்றவர்கள் இல்லாமல் உன்னை வளர்த்தவள் நான். உன்னைப் பற்றி வெளியாளிடம் அப்படிப் பேசித்தான் எனக்குப் பழக்கம்.

முதல் நாள் அவள் அதைத் திட்டினாள். “எதுக்கு என்ன வராதன்ன?” என்று கத்தினாள். அது, “தப்பு பண்ணிட்டேன் வாயாடி. உன் முகத்தப் பாக்கத் தைரியம் இல்ல” என்றது. அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

ஸ்பேனர் கேட்டது அந்தக் குரலைத்தான். ஃபோனை நூல் பெட்டியில் சாய்த்து வைத்துக்கொண்டுதான் தைக்கிறாள். உன் கடிதம் வந்தால் அதைப் படம் பிடித்து அதற்கும் காட்டுகிறாள். போன கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடம், “இது அவர் எழுதின மாதிரியே இல்லையேக்கா” என்றாள்.

என்னை எவ்வளவு திட்ட வேண்டுமோ திட்டு. சாப்பாட்டில் மட்டும் கோபத்தைக் காட்டாதே.

அக்கா


ஏப்ரல் 15

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

நான் இருக்கும்போதே எனக்குத் திவசம் பண்ணி வைத்திருக்கிறாய். அந்தப் பெண் செத்த அப்பாவை வைத்திருக்கிறாள், சரி. நான் செத்தேனா? 

(இங்கே மூன்று வரிகள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கின்றன.)

அழித்துவிடு. இன்றைக்கே. நீ போட்டதுதானே, நீயே எடு. அவளுக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். அவள் கையில் கொடு. ஃபோனுக்குக் காட்டாமல் படிக்கச் சொல். உயிரோடு ஒரு புருஷன் இருக்கிறான், கையால் எழுதியிருக்கிறான் என்று சொல்.

தம்பி


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் உடம்பும் மனசும் எப்படி இருக்கின்றன? இங்கே வெயில் தாங்கவில்லை. மற்றபடி குறையில்லை.

தாளை அவளிடம் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று படித்தாள். முகம் சுருங்கிப்போனது. நீ என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை; ஆனால் அவள் அடுத்து அதை எடுத்துப்போய் ஃபோனிடம் உரக்கப் படித்ததால் எனக்கும் தெரிந்துவிட்டது. மிரட்டி எழுதினால் வருவாள் என்று நினைத்தாயா?

அது என்ன சொன்னது தெரியுமா? “அத நான் கோவத்துல எழுதிட்டேன் வாயாடி. மனசுல வெச்சுக்காத. மன்னிச்சிரு” என்றது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “பாத்தீங்களாக்கா, மன்னிப்புக் கேட்டுட்டாரு” என்றாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. உன் கடிதத்துக்கு அது பொறுப்பேற்றுக்கொண்டது. உனக்காக அது மன்னிப்புக் கேட்டது. உன்மேல் அவளுக்கு இருந்த கோபம் தீர்ந்துவிட்டது. ஆனால் அந்தப் பலன் உன் பேரில் சேரவில்லை.

அழிக்க முயன்றேன். அவள் குளிக்கும்போது ஃபோனைக் கையில் எடுத்தேன். திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும், அதாவது என் இருமலைக் கேட்டதும், “அக்கா, முட்டி வலி எப்படி இருக்கு? நேத்து படி ஏறும்போது முனகினியே” என்றது.

நீ மாதம் தவறாமல் ‘எல்லோரும் சுகமாக இருப்பீர்கள்’ என்று எழுதுகிறாய். எனக்கு முட்டி வலி என்று உனக்குத் தெரியுமா?

பதில் சொன்னேன். “பரவாயில்லப்பா” என்றேன். சொன்ன பிறகு அழிக்க முடியவில்லை.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. நடந்ததை எழுதச் சொன்னாய்.

அக்கா


ஜூன் 9

உங்களுக்கு,

நான் எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? பல் ஆடுகிறது என்று அக்கா சொன்னார்கள். எனக்கு ஒன்றுமில்லை.

அது மிஷின் என்று எனக்குத் தெரியும். மூளை கலங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஜன்னலே இல்லாத சுவருக்குத் திரைச்சீலை கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நானே அளவெடுத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். அறையில் அது தொங்கினால் அவர்களுக்குத் தூக்கம் வருகிறதாம்.

நீங்கள் உள்ளே போவதற்கு முன்னால் நம் வீட்டில் என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்த்தேன். “சாப்பாடு ஆச்சா.” “சார்ஜர் எங்க.” “கதவச் சாத்து.” உங்களுக்குக் கோபம் வந்தால் அதுவும் இல்லை. வாயாடி என்று பேர் வைத்தீர்கள். பேச ஆள் இல்லாமல் என் வாய் எப்போது மூடியது என்று உங்களுக்குத் தெரியாது. அக்காவுக்கு எழுதும் கடிதத்தில்தான் இப்போதும் அந்தப் பேர் வருகிறது. எனக்கு எழுதிய தாளில் அது இல்லை.

வராதே என்று சொன்னீர்களே, அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது அழுகை வரவில்லை. இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போய்விட்டது. கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர், “எங்கம்மா போகணும்?” என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வீடு உங்களுடையது. வாருங்கள். வராதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவரை அழிக்கச் சொல்லாதீர்கள். அழித்தால் நானும் அந்த வீட்டில் இருக்க மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டி வலி எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு கேட்கிறேன் என்று நினைப்பாய். அது உண்மைதான்.

அவள் கடிதம் வந்து வெகு நாளாகிறது. பதில் எழுத உட்காருவேன். ‘உன் கடிதம் கிடைத்தது’ என்பதற்கு மேல் பேனா நகராது. கடித அதிகாரி இரண்டு தடவை வந்து, “என்னய்யா, இன்னும் வரலையா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் கடிதத்தில் அவர் ஒரு வரிகூட அடிக்கவில்லை. கொடுக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஊர்ல எவன் பொண்டாட்டியோ எவன்கூடவோ ஓடிப்போறா. உன் பொண்டாட்டி உன்கூடவே ஓடிப்போயிருக்கா. நீ எங்கய்யா போய்ப் புகார் குடுப்ப?” என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

லிஃப்ட் பிரேக்கைத் திறந்து பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவன் நான். அது நல்ல கம்பெனி பிரேக், எப்போதும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். அவள் “ஒண்ணுமில்ல” என்றால் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு தூங்கப் போய்விடுவேன்.

எனக்கு வேறு போக்கிடம் இல்லை அக்கா. வேறு யாரும் வேண்டவும் வேண்டாம். அழிக்கச் சொல்ல மாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிடு.

எனக்கு ஓர் உதவி செய். சாயங்காலம் அவள் தைக்கும்போது அது என்ன பேசுகிறது, எப்படிப் பேசுகிறது, அவள் ஒன்று சொன்னால் அதற்கு என்ன சொல்கிறது, எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்ந்து அப்படியே எழுதி அனுப்பு. வெளியே வருவதற்குள் மனப்பாடம் பண்ணிக்கொள்கிறேன்.

ஒத்தடத்தை விடாதே.

தம்பி


ஆகஸ்ட் 10

அன்புள்ள தம்பிக்கு,

முட்டி பரவாயில்லை. நீ கேட்டதில் எனக்குச் சந்தோஷம்தான், எங்கிருந்து கற்றிருந்தாலும். இளைத்துவிட்டாய் என்று ஸ்பேனர் சொன்னான். தட்டில் போட்டதை மிச்சம் வைக்காதே.

அனுப்பக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு மனிதன் தன்னைப் போலப் பேசக் கற்றுக்கொள்வதற்கு நான் பாடம் எழுதி அனுப்புவதா? பிறகு, வேறு என்ன வழி இருக்கிறது என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

நான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்ததைப் பார்த்து அவள், “என்னக்கா எழுதுறீங்க?” என்றாள். “உன் புருஷன் கேட்டான்” என்றேன். தையல் மிஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு, “அவருக்கு வராதுக்கா” என்று சொல்லிவிட்டு மறுபடி தைக்க ஆரம்பித்தாள். குரலில் ஏளனம் இல்லை. வருத்தம்கூட இல்லை.

ஐந்து தாள் இணைத்திருக்கிறேன். அதிலிருந்து ஒன்றை இங்கேயும் எழுதுகிறேன், இது முக்கியம் என்று எனக்குப் பட்டது.

அது: இன்னிக்கு ஏன் உன் பாட்டே கேக்கல?

அவள்: ஒண்ணுமில்ல.

அது: ஒண்ணுமில்லன்னா ஏதோ இருக்கு. ஊசிய வெச்சிட்டுச் சொல்லு.

அவள்: கடையில முதலாளியம்மா எல்லார் முன்னாலயும் கத்திட்டாங்க.

அது: அந்தம்மாவுக்கு நீ தைக்கிற தையல் ஒண்ணு போடத் தெரியுமா?

அவள்: பொத்தான்கூட வைக்கத் தெரியாது.

அது: அப்ப கத்தத்தானே முடியும். பாவம்.

இதற்கு அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் தொற்றிக்கொண்டது.

நீ வந்த பிறகு தனி அறை பார்த்துக்கொண்டு போய்விடலாம் என்று பையை எடுத்து வைத்தேன். அதனிடம் சொன்னபோது, “நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா அக்கா?” என்று கேட்டது. பையை மறுபடி பரணில் போட்டுவிட்டேன். இதைப் படித்து நீ சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை.

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

ஒத்தடம் நடக்கிறதா? கடையில் அந்தம்மா மறுபடி கத்தினாளா? நான் சுகம். ஆடிய பல்லைச் சிறை வைத்தியர் எடுத்துவிட்டார். அதற்காக டாக்டர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இருபத்தாறாம் தேதி காலையில் விடுகிறார்கள். உறுதியாகிவிட்டது.

உன் தாள்கள் கசங்கிக் கிழியத் தொடங்கிவிட்டன. சாயங்காலம் பட்டறை முடிந்ததும் டாக்டரோடு ஒத்திகை. அவர் வாயாடியாக உட்கார்ந்து, ஊசி கோப்பது போலக் கையை வைத்துக்கொண்டு, “ஒண்ணுமில்லங்க” என்பார். நான், “ஒண்ணுமில்லன்னா ஏதோ இருக்கு” என்பேன். கடித அதிகாரி ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “விசாரணை மாதிரிக் கேக்குறியேய்யா. கொஞ்சம் மெதுவா” என்றார். மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். “இப்ப தூங்கி வழியுற மாதிரி இருக்கு” என்றார். இன்னும் சரியாக வரவில்லை. பல் போன இடத்தில் காற்று வேறு போகிறது. லிஃப்ட் மேல் நின்று பேசிய காலத்துக் குரல் இப்போது எனக்கே இல்லை.

நேற்று டாக்டர் வேண்டுமென்றே, “உங்களுக்கு என்னைக்காவது என்னப் பத்தி அக்கறை இருந்திருக்கா?” என்று கேட்டார். இது உன் தாள்களில் இல்லாத கேள்வி. எனக்குச் சுர்ரென்று ஏறியது. பழைய மாதிரி எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டேன். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தேன். வந்த கோபத்தை விழுங்கிவிட்டேன். இனிமேல் தினமும் விழுங்க வேண்டும். அது உள்ளே போய் எங்கே தங்கும் என்று தெரியவில்லை.

இன்னொன்றும் தாளில் இல்லை. அது வீட்டை விட்டு எங்கேயும் போனதில்லை. அதனால் வெளியே போய்விட்டு வந்து, வாசலில் நின்று, கதவு திறந்ததும் என்ன சொல்லும் என்று நீ எழுதவில்லை. எனக்கு அந்த முதல் வார்த்தைதான் வேண்டும். அது சரியாக விழுந்துவிட்டால் மற்றதைச் சமாளித்துவிடுவேன். அதனிடமே கேட்டு எழுது. மறந்துவிடாதே அக்கா.

உடம்பைப் பார்த்துக்கொள். அவளையும்.

தம்பி


செப்டம்பர் 16

அன்புள்ள தம்பிக்கு,

பல் எடுத்த இடம் ஆறிவிட்டதா? உப்புத் தண்ணீரில் கொப்பளி. நாங்கள் நன்றாக இருக்கிறோம். இது உனக்குக் கிடைக்கும்போது நீ கிளம்ப ஆயத்தமாகிக்கொண்டிருப்பாய்.

இருபத்தாறாம் தேதி சிறை வாசலுக்கு நான் வருகிறேன். அவளைக் கேட்டேன். அன்றைக்கு விடுதிக்குத் துணி கொடுத்தாக வேண்டும் என்றாள். இருக்கலாம். ஆனால் நீ வருவதற்காக அவள் ஒன்றும் செய்யவில்லை என்று நினைக்காதே. கூடத்தில் ஜன்னல் ஓரத்தை ஒழித்து உனக்குப் படுக்கை போட்டிருக்கிறாள். புது உறை தைத்திருக்கிறாள். அறையில் ஏன் போடவில்லை என்று நான் கேட்கவில்லை. அறைக்கதவு இப்போதெல்லாம் சாத்தியிருக்கும், உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கும். நீ அதற்குப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும்.

நீ கேட்டதைக் கேட்டேன். நேற்றுச் சாயங்காலம், அவள் தைத்துக்கொண்டிருந்தபோது. அவளுக்கும் தெரியட்டும் என்றுதான் அவள் எதிரிலேயே கேட்டேன்.

“தம்பி, வெளிய போய்ட்டு வீட்டுக்கு வந்து வாசல்ல நிக்கும்போது முதல்ல என்ன சொல்லணும்?” என்றேன்.

“நான் வீட்லதானே இருக்கேன் அக்கா” என்றது. சற்றுப் பொறுத்து, “ஏன், யாராவது வர்றாங்களா?” என்று கேட்டது.

தையல் மிஷின் நின்றது. அவள் துணியை விட்டுக் கையை எடுக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. ஃபோனுக்குக் கேட்காத மாதிரி, உதடு மட்டும் அசைய, “யாரும் இல்லன்னு சொல்லுங்கக்கா. அவரு பயந்துக்குவாரு” என்றாள்.

அது காத்துக்கொண்டிருந்தது. உன் குரலில், “அக்கா?” என்றது.

“யாரும் இல்லப்பா” என்று சொல்லிவிட்டேன்.

காலையில் கிளம்பும்போது வெறும் வயிற்றோடு வராதே. வழியில் ஏதாவது வாங்கித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா